கண்ணழற்சியின் காரணம் காணும் சத்திரசிகிச்சை

கண்ணினுள்ளே தோன்றும் அழற்சி, நோயின் பெயரன்று, நோயின் குறியேயாகும். பார்வை மங்கலும், கண்முன் கரும்புள்ளிகள் மிதத்தலும் பல நோய்களுக்குப் பொதுவானவை. காசக்கிருமி, ஹேர்ப்பிசு வைரசு, பங்கசு முதலியன இவ்வழற்சியை விளைவிக்கும். உடலின் பாதுகாப்புப் படை தன் கண்ணையே பகையெனக் கருதித் தாக்குவதாலும் இது விளையும். ஸ்டீரோயிட்டு மருந்து பின்னையதைத் தணிக்கும். தனித்து வழங்கப்படின், முன்னையவற்றிற் கிருமிகளுக்கே துணைபோகும். ஆதலின், காரணம் அறியாது மருந்திடுதல் ஆபத்தானது.

இவற்றினும் வஞ்சகமானது நிணநீர்க்கலப் புற்றுநோய். பெரும்பாலும் முதியோரிடத்துத் தோன்றும் இந்நோய் அழற்சியின் வேடம் பூண்டு வரும். ஸ்டீரோயிட்டினாற் சிறிது தணிந்து, மருத்துவரையும் மயக்கி, மீண்டும் தலையெடுக்கும். இதனிடையே மூளையிலும் அது இடங்கொண்டிருத்தல் கூடும். இங்கு காலதாமதம் பார்வையை மட்டுமன்றி உயிரையும் பறிக்கவல்லது.

குருதிச் சோதனை முதலியன காரணத்தைக் காட்டாதவிடத்து, கண்ணினுள்ளிருந்தே சான்று பெறல் வேண்டும். வில்லைக்கும் விழித்திரைக்கும் இடையில் ஏறத்தாழ 4 மில்லிலீற்றர் கண்ணாடியுடனீர் உண்டு. நூற்றுக்கு ஏறக்குறைய 99 பங்கு நீராலான தெளிந்த கூழ் அது. இதனைச் சிறு துளை வழியே வெட்டி உறிஞ்சும் சத்திரசிகிச்சையை, 1970 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மியாமி நகரில் றொபேட் மக்கமர் செய்தார். இன்று துளைகள் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் அளவினவே. விழிவெண்படலத்தின் ஓரத்திலிருந்து 3.5 முதல் 4 மில்லிமீற்றர் பின்னே அவை இடப்படும். விழித்திரை அவ்விடம்வரை எட்டாமையால் அதற்கு ஊறு நேராது.

கண்ணினுள் உப்புநீரைச் செலுத்துமுன்னரே, கலப்பற்ற மாதிரி ஏறத்தாழ 1 மில்லிலீற்றர் எடுக்கப்படும். அதன் ஒரு பகுதி நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராயப்படும். ஒரு பகுதியிற் பற்றீரியா, பங்கசு என்பன வளர்த்துப் பார்க்கப்படும். வைரசின் பரம்பரைப் பொருள் பன்மடங்கு பெருக்கித் தேடப்படும். இன்டர்லூக்கின் 10 என்னும் பொருள் இன்டர்லூக்கின் 6 இனும் மிகுந்திருப்பின், புற்றுநோய் ஐயம் வலுப்பெறும். புற்றுநோய்க் கலங்கள் விரைவில் அழிவனவாதலால், மாதிரி தாமதமின்றி ஆய்வுகூடத்தை அடைதல் வேண்டும். இயலுமாயின் ஸ்டீரோயிட்டையும் முன்கூட்டியே நிறுத்துவர்.

இச்சிகிச்சை இடரற்றதன்று. விழித்திரை கழலுதல், வில்லை மங்குதல், புதிய தொற்று என்பன நேரக்கூடும். முதற் சோதனையில் நோய்க்கலம் காணப்படாமை நோயின்மைக்குச் சான்றுமாகாது. மீண்டும் மாதிரி எடுக்க நேர்வதுண்டு. எனினும், குறியை அடக்குவதோடு அமையாது காரணத்தைத் தேடிச்செல்லும் இம்முயற்சியே சரியான மருந்துக்கு வழிகாட்டுகின்றது.