வாய்க்கு வேலை

கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிரெஞ்சோ ஜெர்மனோ படிக்கும் இளையவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: பாரிசில் சித்தப்பா, சூரிச்சில் அக்கா. ஜெர்மனியில் உள்ள துணையிடம் போவதற்கும் 2007 முதல் பொதுவாக ஜெர்மன் மொழியில் தொடக்கநிலையான ஏ1 சான்றிதழ் வேண்டும். மொழி, விசாவோடு இணைக்கும் இன்னொரு படிவமாகிவிட்டது. பல்கலைக்கழக மாணவரும் அதே கண்ணால் பார்ப்பதுதான் சிக்கல். ஜப்பானிய மொழித் தேர்வான ஜேஎல்பிடியில், உச்சப் படியான என்1 வரைக்கும் வாய் திறந்து பேசும் பகுதியே கிடையாது. அதில் தேறியவர் தேநீர்க் கடையில் திணறினால் வியப்பில்லை. கோதே நிறுவனத்தின் ஏ1 தேர்வு பரவாயில்லை. பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லி, பக்கத்திலிருப்பவரிடம் கேள்வியும் கேட்கவேண்டும்.

கொழும்பில் யாரோடு ஜெர்மன் பேசுவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். களனிப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு, ஜெர்மன், சீனம், ஜப்பானியம் எல்லாம் பாடமாக உண்டு. வகுப்பு முடிந்ததும் தமிழுக்கோ சிங்களத்துக்கோ திரும்பிவிடுகிறோம். ஆனால் குறைவது ஆள் மட்டுமல்ல, பிழையாகப் பேசக் கூசாத பழக்கமும்தான். அதற்கு விமானச் சீட்டு வேண்டாம், காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் சிங்களம் பேசிப்பார்த்தால் போதும். சிங்களம் வெளிநாட்டு மொழியா என்பீர்கள், இல்லை. 1956இன் தனிச்சிங்களச் சட்டம் விட்டுப்போன கசப்பும் பொய்யல்ல. ஆனாலும் கொண்டக்டரிடம் "இதிரி சல்லி தென்ன" என்று மீதிக்காசு கேட்கத் தயங்கி, சில்லறையை விட்டுவிட்டு இறங்கும் அதே நாக்குத்தான் தேர்வு அறையிலும் ஒட்டிக்கொள்கிறது.