பயிரின் புதுநிறம்: குலமா, குறையா?

பெரும்போக மழை ஓய்ந்த பின்னர் சேனையில் முளைத்துவரும் சோளன் பயிரைப் பார்வையிடும் கமக்காரர், சிலவேளைகளில் அதன் இலைகள் பச்சை மாறி ஊதா நிறங்கொண்டு நிற்பதைக் காண்பர். கண்டதும் நோய் என அஞ்சி மருந்து தெளிப்பவர் உளர். பசளை போதவில்லை என்று யூரியாவை மேலும் அள்ளி வீசுபவரும் உளர். இச்சாதி இப்படித்தான் என வாளாவிருப்பவரும் உளர். இவர்களுள் யார் கருத்துச் சரியானது என்பதை ஊகத்தால் அன்றிப் பயிரைப் பார்த்தே துணிதல் வேண்டும். தவறான துணிபினால் கைப்பொருளும் போகும். உண்மைக் குறை அப்படியே நிற்க, விளைவும் குன்றும்.

ஊதா நிறத்துக்குக் காரணமாயுள்ள பொருள் அந்தோசயனின் எனப்படும். கத்தரிக்காயின் தோலுக்கும் சின்ன வெங்காயத்தின் செம்மைக்கும் நிறந்தருவது இதுவே. (பீற்றூட்டின் சிவப்பு இதனால் ஆயதன்று, அது வேறொரு பொருள்.) இந்நிறப்பொருளை ஆக்கும் ஆற்றல் பயிருக்கு அதன் பரம்பரை அலகுகள் வழியாகவே வருகின்றது. ஆனால் அவ்வாற்றல் எப்பொழுது வெளிப்படும் என்பது எல்லாப் பயிர்களிலும் ஒரு தன்மைத்தன்று. சில சாதிகளில் அது பிறப்பு முதல் இறப்பு வரை வெளிப்பட்டு நிற்கும். வேறு சிலவற்றில் பயிர் இடர்ப்படும்போது மாத்திரமே தோன்றும். மயக்கம் எல்லாம் இங்கேதான் உண்டாகின்றது.

சோளன் இடர்ப்படுவதற்கு முதற் காரணம் பொசுபரசுக் குறைவாகும். பொசுபரசு போதாவிடின் இலையில் உண்டாகும் சர்க்கரை வளர்ச்சிக்குப் பயன்படாது தேங்குகின்றது. தேங்கிய சர்க்கரையினால் அந்தோசயனின் மிகுதியாக உண்டாகின்றது. எனினும் மண்ணில் பொசுபரசு இல்லை என்று உடனே முடிவு செய்தலாகாது. நீர் தேங்கிய நிலத்திலும் இறுகிய நிலத்திலும் பூச்சி அரித்த வேரிலும், மண்ணிலுள்ள பொசுபரசைக் கூட வேர் உறிஞ்ச மாட்டாது. ஆகவே நிறம் மாறிய பயிர் ஒன்றை மண்ணோடு கிண்டி எடுத்து, வேரைக் கழுவிப் பார்த்தல் முதல் வேலையாகும். இதற்குச் செலவு ஏதும் இல்லை. ஆயினும் இதனைச் செய்வோர் மிகச் சிலரே.

குலத்தால் வந்த நிறமாயின், அந்த விதையில் முளைத்த பயிர்கள் யாவற்றிலும் மேட்டிலும் பள்ளத்திலும் ஒன்றுபோல் காணப்படும், இலையில் மட்டுமன்றி மடலிலும் தண்டிலும் இருக்கும், வளர்ச்சி குன்றியிராது. குறையால் வந்த நிறமாயின், தோட்டத்தில் திட்டுத் திட்டாகத் தோன்றும். அடியிலைகளின் நுனியிலும் ஓரத்திலும் தொடங்கும். பயிரும் குறுகி நிற்கும். அதே விதையை நட்ட அயலவர் தோட்டத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தாலே பாதி ஐயம் தீர்ந்துவிடும்.

நீர் வடிந்தபின் புதிதாக விரியும் இலைகள் பச்சையாக வருமாயின், வேர் மீண்டும் தொழிற்படத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். அப்பொழுது பசளை வாங்கப் பணம் செலவிடவேண்டியதில்லை. மண்ணிலேயே குறை உளதாயின், அந்தப் போகத்தில் மேலால் தூவும் பொசுபேற்றினால் பெரும் பயன் விளையாது. பொசுபேற்று மண்ணில் அதிகம் அசையாத பொருள். மண்ணைப் பரிசோதிப்பித்து, அடுத்த போகத்தில் விதைக்குமுன் அடிப்பசளையாக இடுதலே முறை. எப்பாவலைப் பாறைப் பொசுபேற்று மெல்லக் கரைவது. புளிப்பு மண்ணில் நிற்கும் தென்னை போன்ற நெடுங்காலப் பயிர்களுக்கு அது ஏற்றது, சில மாதங்களில் முடியும் சோளனுக்கு அன்று.

மஞ்சள் நிறத்தை ஆராயும்போது, அது பழைய இலையில் தொடங்கியதா, இளம் இலையில் தொடங்கியதா என நோக்குதல் வேண்டும். நைதரசனும் மகனீசியமும் பயிருக்குள் இடம்பெயர வல்லவை. அவை குறைந்தால் பயிர் தன் முதிய இலைகளிலிருந்து எடுத்து இளந்தளிருக்கு ஊட்டும். ஆதலால் முதிய இலைகளே முதலில் மஞ்சளாகும். தென்னையில் கீழோலைகள் மஞ்சளித்துக் குருத்தோலை பசுமையாயிருப்பது மகனீசியக் குறைவின் அடையாளங்களுள் ஒன்று. இதற்கே தொலமைற்று இடுகின்றனர். இரும்பு அவ்வாறு இடம்பெயர்வதில்லை. சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் இரும்பு கிடையாதபோது, இளந்தளிர் வெளிறி நரம்புகள் மாத்திரம் பச்சையாகத் தெரியும்.

வெண்டியில் இதற்கு நேர்மாறாக நரம்புகளே மஞ்சளாகி வலைபோல் தோன்றினால், அது பசளைக் குறைவன்று. வெள்ளை ஈ பரப்பும் வைரசு நோய் அது. மருந்தினாலோ பசளையினாலோ அச்செடியைக் குணப்படுத்த இயலாது. இளமையிலேயே பிடுங்கி அழித்தால் மற்றச் செடிகள் தப்ப வழியுண்டு.

நாற்றுமேடையில் தூய வெள்ளை நிற நாற்றுகள் இரண்டொன்று தோன்றுவதுண்டு. இவற்றிற் பச்சையம் இல்லை. விதையிலுள்ள உணவு தீர்ந்ததும் இவை இறந்துபடும். இது தொற்றும் நோயன்று. பச்சையாயிருக்கும் தாய்ப்பயிரே இக்குறையை மறைவாகத் தாங்கியிருத்தல் கூடும். அது தன் மகரந்தத்தாலே விதை கட்டும்போது, அவ்விதைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று வெள்ளையாக முளைக்கும். ஆயின் ஒரு பாத்தி முழுவதும் வெளிறினால் குலத்தைக் குறைகூறுதல் தகாது. அங்கே களைகொல்லி விழுந்ததா என்று விசாரித்தல் வேண்டும்.

வீட்டு முற்றத்து அந்திமந்தாரையில் வெள்ளையும் பச்சையும் கலந்த இலைகள் சிலவேளை காணப்படும். ஜேர்மனிய அறிஞர் கார்ல் கொரன்ஸ் இச்செடியை ஆராய்ந்து, 1909 இல் ஒரு புதுமையை வெளியிட்டார். பச்சைக் கிளையின் விதை பச்சை நாற்றையே தந்தது. வெள்ளைக் கிளையின் விதை வெள்ளை நாற்றையே தந்தது. மகரந்தம் எக்கிளையினதாயினும் பயன் மாறவில்லை. பச்சையத்தைத் தாங்கும் நுண்மணிகள் தாயின் வழியாகவே இறங்குகின்றன என்பது இதன் பொருளாகும்.

நிறத்தைக் கொண்டு குலத்தைத் தெரிந்தெடுக்கும் முறை தென்னை நாற்றுமேடையில் நன்கு பயன்படுகின்றது. மஞ்சட் குட்டைத் தென்னைக்கு நெட்டைத் தென்னையின் மகரந்தத்தைச் சேர்த்துப் பெற்ற தேங்காய்களை முளைக்கவைத்தால், உண்மையான கலப்பின் இலைக்காம்பு பச்சையாகவோ கபிலமாகவோ இருக்கும். காம்பு மஞ்சளாக இருப்பின், மஞ்சட் குட்டையின் மகரந்தமே அதிற் சேர்ந்துள்ளது, அதனை விலக்கிவிடுவர்.

இந்தியாவில் நெல் வயல்களிலும் இவ்வுபாயம் கையாளப்பட்டது. நெற்பயிர் போலவே தோன்றும் காட்டுநெல்லை இளமையில் வேறுபிரித்தல் அரிதாகையால், ஊதா இலை கொண்ட நெற்சாதிகளை விதைத்து, பச்சையாய் நின்றவற்றைக் களைந்தனர். சிலகாலம் பயன் கிடைத்தது. பின்னர் பயிரின் மகரந்தம் காட்டுநெல்லிற் சேர்ந்து, அதுவும் ஊதா இலையோடு முளைக்கலாயிற்று. களை எடுப்போர் மீண்டும் பயிர் எது, களை எது என்று அறியாது மயங்கினர்.