எடைக் குறைப்பும் செய்தித் தலைப்புகளும்

நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்டோரில் உடல் எடை மிகுந்தவர்களின் விகிதம் உயர்ந்து வருகிறது. 2015-16ஆம் ஆண்டின் நான்காவது தேசியக் குடும்பநல ஆய்வில் பெண்களில் 20.6 சதவீதமும் ஆண்களில் 18.9 சதவீதமும் இப்பிரிவில் இருந்தனர். 2019-21ஆம் ஆண்டின் ஐந்தாவது ஆய்வில் இவை முறையே 24.0 சதவீதமாகவும் 22.9 சதவீதமாகவும் உயர்ந்தன. இந்நிலையில் உடற்பயிற்சி குறித்து மக்களுக்கு எட்டும் செய்தி எத்தகையது என்ற வினா முக்கியத்துவம் பெறுகிறது. மருத்துவ ஆராய்ச்சி இதழ்களைப் படிப்போர் மிகச் சிலரே. ஏனையோர், நலத்துறை அலுவலர்கள் உட்பட, நாளேடுகளிலும் தொலைக்காட்சியிலும் வரும் சுருக்கங்களைக் கொண்டே ஒரு முடிவுக்கு வருகின்றனர். அச்சுருக்கங்களோ ஒரு நாள் "உடற்பயிற்சி எடையைக் குறைக்காது" என்கின்றன. மறுநாள் "தினமும் ஒரு மணி நேரம் கட்டாயம்" என்கின்றன.

2009ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் 'டைம்' வார இதழ், உடற்பயிற்சி ஒருவரை மெலியச் செய்யாது என்ற பொருளில் அட்டைப்படக் கட்டுரையொன்றை வெளியிட்டது. உலகின் பல நாடுகளிலும் எடுத்தாளப்பட்ட அக்கட்டுரை, அவ்வாண்டின் தொடக்கத்தில் திமோதி சர்ச் என்பவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வொன்றைத் தன் வாதத்தின் தூணாகக் கொண்டிருந்தது. உடற்பயிற்சிப் பழக்கமற்ற, எடை மிகுந்த, மாதவிடாய் நின்ற 464 பெண்கள் அவ்வாய்வில் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்குப் பயிற்சி ஏதும் இல்லை. மற்ற மூன்று குழுவினரும் தம் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் வாரத்துக்கு 4, 8, 12 கிலோ கலோரி வீதம் செலவிடும் அளவுக்குப் பயிற்சி செய்தனர். நேரக் கணக்கில் இது வாரத்துக்கு முறையே ஏறத்தாழ 72, 136, 194 நிமிடங்கள். ஆறு மாத முடிவில் இம்மூன்று குழுக்களிலும் சராசரி எடை 1.4, 2.1, 1.5 கிலோ குறைந்தது. பயிற்சி செய்யாத குழுவுடன் ஒப்பிடுகையில் இக்குறைவு பெரிதன்று என்பதே பத்திரிகை எடுத்துக்கொண்ட செய்தி.

அச்செய்தி பொய்யன்று. ஆயினும் வாசகரைத் தவறான முடிவுக்கு இட்டுச் சென்றது. எவ்வாறு என்பதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம்.

பயிற்சியில் ஈடுபட்ட ஒரு பெண்ணின் எடை 80 கிலோ எனக் கொள்வோம். இரண்டாம் குழுவின் அளவின்படி அவர் வாரத்துக்கு 640 கிலோ கலோரியையும், 26 வாரங்களில் 16,640 கிலோ கலோரியையும் செலவிடுகிறார். உடற்கொழுப்பு ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 7,700 கிலோ கலோரி என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் தோராயமான மதிப்பு. அதன்படி எதிர்பார்க்கத்தக்க எடைக்குறைவு 2.2 கிலோ. ஆய்வில் கண்டதோ 2.1 கிலோ. முதற்குழுவுக்கும் இதே கணக்கு ஏறக்குறையப் பொருந்துகிறது. அதாவது, செய்த பயிற்சிக்குரிய பலன் கிடைத்தே இருக்கிறது. பயிற்சியின் அளவுதான் சிறிது. வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட நடையைக் கொண்டு ஆறு மாதத்தில் பத்துக் கிலோ இறங்கும் என எதிர்பார்த்தவருக்கே இது ஏமாற்றம். அத்தகைய எதிர்பார்ப்பை ஊட்டியதும் பெரும்பாலும் முன்னர் வந்த பத்திரிகைச் செய்திகளும் விளம்பரங்களுமே.

மூன்றாம் குழுவின் நிலை வேறு. அவர்களுக்கு இக்கணக்கின்படி 3.2 கிலோ குறைந்திருக்க வேண்டும். அதில் பாதியளவே குறைந்தது. அதிகப் பயிற்சி செய்தோர் தம்மையறியாமல் கூடுதலாக உண்டோ, எஞ்சிய நேரத்தில் கூடுதலாக ஓய்வெடுத்தோ இழந்ததை ஓரளவு ஈடுசெய்துகொண்டிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. ஆராய வேண்டிய உண்மையான சிக்கல் இதுவே. பத்திரிகையின் கைக்குச் சென்றதும் ஒரு குழுவின் ஈடுசெய்தல் எல்லோருக்கும் பொதுவான விதியாகிவிட்டது.

விடுபட்டது இன்னும் ஒன்று உண்டு. பயிற்சி செய்த மூன்று குழுவினருக்கும் இடுப்புச் சுற்றளவு குறைந்தது. எடை மாறுபாட்டைச் சாராமலே குறைந்தது. வயிற்றுப் பகுதியில் சேரும் கொழுப்பே நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் நெருங்கிய தொடர்புடையது என்பதால், இம்முடிவு எடைக்குறைவைக் காட்டிலும் மதிப்புடையது எனலாம். மேலும், இதே பெண்களைப் பற்றி 2007இல் வெளிவந்த முதல் அறிக்கையில், உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் மூன்று குழுக்களிலும் முறையே 4.2, 6.0, 8.2 சதவீதம் உயர்ந்ததாகக் கூறப்பட்டிருந்தது. பயிற்சி கூடக் கூடத் திறனும் கூடியது. இது எந்த அட்டைப்படத்துக்கும் உரியதாகத் தோன்றவில்லை போலும்.

அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி அதே 2009இல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கை இவ்வளவுக் கேள்வியைத் தெளிவாகவே பிரித்துக் காட்டியிருந்தது. வாரத்துக்கு 150 முதல் 250 நிமிட மிதமான பயிற்சி எடை கூடாமல் தடுக்கும். ஆனால் அதனால் மட்டும் கிடைக்கும் எடைக்குறைவு சொற்பம். குறிப்பிடத்தக்க குறைவுக்கு 250 நிமிடங்களுக்கு மேல் தேவை. "எடை கூடாமல் காத்தல்", "எடையைக் குறைத்தல்" என்பவை இரு வேறு இலக்குகள். ஒன்றுக்குரிய அளவை மற்றொன்றுக்கு வைத்துப் பார்த்தால் குழப்பமே மிஞ்சும்.

அடுத்த ஆண்டே எதிர்த்திசையில் ஒரு குழப்பம் எழுந்தது. அமெரிக்கப் பெண்கள் 34,079 பேரை ஏறத்தாழ 13 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. தொடக்கத்தில் இயல்பான எடையுடன் இருந்து, அதனைப் பெரிதும் காத்துக்கொண்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட அளவுக்கு மிதமான உழைப்பில் ஈடுபட்டிருந்தனர் என்பது அதன் முடிவு. உணவுக் கட்டுப்பாடு எதுவும் விதிக்கப்படாத நிலையில் கண்டது இது. ஏற்கெனவே எடை மிகுந்திருந்த பெண்களிடம் உழைப்புக்கும் எடை கூடுவதற்கும் இடையே இத்தொடர்பு காணப்படவில்லை. இக்கட்டுப்பாடுகள் அனைத்தும் உதிர்ந்து, பெண்கள் எல்லோருக்கும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் தேவை என்ற கட்டளையாகச் செய்தி பரவியது. வீட்டு வேலையும் வெளி வேலையும் பார்க்கும் ஒரு பெண் அதைப் படித்துவிட்டு, அரைமணி நேரத்தால் பயனில்லை என்று அதனையும் கைவிடக்கூடும்.

தவறு முழுவதும் பத்திரிகையாளருடையதே எனக் கூறிவிடுவதற்கில்லை. பிரிட்டனின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை ஆராய்ந்து 2014இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒரு கட்டுரையை வெளியிட்டது. வெறும் உடன்தொடர்பைக் காரண காரியமாகக் காட்டும் மிகைப்படுத்தல் அக்குறிப்புகளில் 33 சதவீதத்தில் இருந்தது. வாசகருக்கான அறிவுரையில் மிகை 40 சதவீதத்தில் இருந்தது. செய்திக்குறிப்பு காரண காரியத்தை மிகைப்படுத்தியிருந்தபோது, அதைத் தழுவிய செய்திகளில் 81 சதவீதமும் மிகைப்படுத்தின. ஊற்றிலேயே கலங்கிய நீர் வாய்க்காலில் தெளிவதில்லை. பண நலனும் இதில் உண்டு. உடல் பருமனுக்கு உணவைவிட உழைப்பின்மையே காரணம் என வலியுறுத்திவந்த ஓர் அறிவியலாளர் அமைப்புக்குக் கோகோ கோலா நிறுவனம் 15 லட்சம் டாலர் வழங்கியிருந்தது 2015இல் வெளியானது. அவ்வாண்டு முடிவதற்குள் அவ்வமைப்பு கலைக்கப்பட்டது.

உடன்தொடர்புக்கும் காரணத்துக்கும் உள்ள வேறுபாட்டை உணர இந்திய உதாரணமே ஒன்று உண்டு. 1956இல் ஜீன் மேயரும் அவருடைய இந்தியத் துணையாய்வாளர்களும் மேற்கு வங்கச் சணல் ஆலையொன்றைச் சேர்ந்த 213 ஆண்களின் உணவு, எடை, உழைப்பு ஆகியவற்றை அளந்தனர். கடின உழைப்பாளிகள் உழைப்புக்கேற்ப உண்டனர். எடை சீராக இருந்தது. உட்கார்ந்தே இருந்த கடைக்காரர்களும் மேற்பார்வையாளர்களும் அவர்களைவிடக் குறைவாக உண்ணவில்லை, எடையோ மிகுந்திருந்தது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழ் உழைப்பு இறங்கினால் பசி அதற்கேற்பக் குறைவதில்லை என்ற கருத்துக்கு இவ்வாய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் கடைக்காரரின் வருவாய் சுமைகூலியின் வருவாயன்று. தட்டில் இருந்ததும் ஒன்றாக இருந்திருக்க வேண்டியதில்லை. ஒரு காலப்புள்ளியில் எடுத்த அளவீடு இவற்றைப் பிரித்துக் காட்டாது.

திட்டங்களை நடத்துவோர் பெரிதும் கருத வேண்டியது சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளிவந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேர் அதில் பங்கேற்றனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றோரில் மூன்றாண்டுகளில் 55.0 சதவீதத்தினருக்கு நோய் வந்தது. நாள்தோறும் அரைமணி நேர நடை, உணவு மாற்றம் ஆகியவற்றை மேற்கொண்டோரில் அது 39.3 சதவீதமே. இவ்விரண்டாம் குழுவினரின் சராசரி எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையவே இல்லை. எடைக்கருவியை மட்டும் நம்பியிருந்தால் மூன்று மாதங்களில் இவர்களில் பலர் "பயனில்லை" என்று நடையை நிறுத்தியிருப்பர். உடற்பயிற்சியை எடைக்குறைப்பின் கருவியாக மட்டும் விற்கும் செய்தியும் விளம்பரமும் இத்தகையோருக்கே பெருங்கேடு விளைவிக்கின்றன.

தொற்றா நோய்களைக் கண்டறிய ஆஷா பணியாளர்கள் வீடுதோறும் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவம் இவ்வகையில் முன்னேயே நிற்கிறது. வயது, புகையிலை, மது, குடும்ப நோய் வரலாறு ஆகியவற்றுடன் இடுப்புச் சுற்றளவையும், வாரத்துக்கு 150 நிமிட உழைப்பு உண்டா என்பதையும் அதன் மதிப்பெண் பகுதி கேட்கிறது. உடல் எடையை அது கேட்பதில்லை. பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் தாண்டினால் மதிப்பெண் ஏறுகிறது. அதற்கு வேண்டிய கருவி ஓர் அளவு நாடா.