தராசில் தொடங்கும் புகைக் கணக்கு

அமெரிக்காவின் மேற்கு மலைக்காடுகளில், தரைக்கு ஒரு சாண் உயரத்தில் கம்பியின் மேல் ஒரு மரக்குச்சிக் கட்டு கிடக்கும். பாண்டரோசா பைன் மரத்தில் கடைந்த நான்கு குச்சிகளைச் சேர்த்துப் பிணைத்தது. முற்றிலும் உலர்ந்த நிலையில் அதன் எடை 100 கிராம். வெயிலிலும் பனியிலும் கிடந்தபின் தராசு 112 கிராம் காட்டினால், ஈரம் 12 சதவீதம்.

காட்டுத்தீ ஆய்வு தீக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

கால் அங்குலத்துக்கும் மெலிந்த சுள்ளி, காற்றின் ஈரத்துக்கு ஏற்ப ஒரு மணி நேரத்தில் பெருமளவு மாறிவிடும். மூன்று முதல் எட்டு அங்குலப் பருமனுள்ள கட்டைக்கு 1000 மணி நேரம், அதாவது ஏறக்குறைய ஆறு வாரம் பிடிக்கும். அதனால் ஒரு மழைக்குப் பின் கட்டை ஈரமாகவே இருக்க, சருகு மட்டும் மறுநாள் வெயிலிலேயே பற்றத் தயாராகிவிடலாம். ஆய்வாளர்கள் காட்டுத் தரையில் டேப்பை நீட்டி, அதன் குறுக்கே கிடக்கும் சுள்ளிகளைப் பருமன்வாரியாக எண்ணுகிறார்கள். பச்சை இலைகளைக் கத்தரித்து, டப்பாவில் மூடிக் கொண்டுவந்து, உலர்த்தி, மறுபடி எடைபோடுகிறார்கள்.

இந்தப் பொறுமையான வேலைக்குப் பின்னால் ஒரு பெருந்துயரம் இருக்கிறது. 1949 ஆகஸ்ட் 5 அன்று மொன்டானா மாநிலத்தின் மான் கல்ச் பள்ளத்தாக்கில், காய்ந்த புல்லில் தாவி மேடேறிய தீ 13 பேரின் உயிரைக் குடித்தது. தீயின் போக்கை முறையாகப் படிக்க வேண்டும் என்ற உறுதி அதன்பின் வலுத்தது. 1960இல் மிசோலா நகரில் தீ அறிவியல் ஆய்வகம் திறக்கப்பட்டது. அங்கே பணியாற்றிய ரிச்சர்ட் ராதர்மெல் 1972இல் வெளியிட்ட சமன்பாடு, தீ பரவும் வேகத்தைக் கணிக்க இன்றும் உதவுகிறது.

வேகத்தைக் கணிக்க வழி பிறந்தது. புகை அவ்வளவு எளிதில் பிடிபடவில்லை.

கொழுந்துவிட்டு எரியும் விறகைவிட, கனன்று புகையும் விறகு அதிக நுண்துகள்களைக் கக்கும். கட்டைகளும் தரையில் படிந்த மட்கிய சருகும் நாள்கணக்கில் கனலும். இரவில் அந்தப் புகை குளிர்காற்றோடு பள்ளத்தாக்கில் இறங்கி ஊர்களில் தங்கிவிடும். 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை செல்லும்.

2019இல் நாசாவும் அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவும் இணைந்து நடத்திய ஆய்வில், டிசி-8 விமானம் காட்டுத்தீப் புகைக்குள்ளேயே பறந்து அளந்தது. அதே ஆண்டு யூட்டா மாநிலத்தின் ஃபிஷ்லேக் தேசியக் காட்டில் திட்டமிட்டுத் தீ மூட்டி, தரையிலிருந்தும் வானிலிருந்தும் அளவெடுத்தார்கள்.

கீழே எரிந்தது எவ்வளவு என்று தெரியாவிட்டால் மேலே அளந்தது பாதிக் கணக்குதான். அதனால்தான் தீ அணைந்தபின் அதே இடத்துக்குத் திரும்பி வந்து, மிச்சமிருப்பதை மீண்டும் அளக்கிறார்கள். முன்பு இருந்ததில் எது குறைகிறதோ, அதுவே எரிந்து வானேறியது.