எர்த் குழியில் கல்லுப்பு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் மரக்காணத்தில் உப்புக் குவியல்களைப் பார்த்திருப்பார்கள். கறிக்கும் கருவாட்டுக்கும் ஆகும் சரக்கு என்றுதான் நினைப்போம். எலக்ட்ரீஷியனுக்கு இன்னொரு வேலைக்கும் அது வேண்டும். எர்த் குழி தோண்டினால், நடுவில் ஜி.ஐ. பைப்பை நிறுத்திச் சுற்றிலும் கரியும் கல்லுப்பும் அடுக்கடுக்காகக் கொட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். உப்பு கரைந்த ஈரமண்ணில் மின்சாரம் எளிதாக இறங்கும்.

அப்படியென்றால் உப்பளக் கரையில் எர்த்துக்குக் கவலையே இருக்கக் கூடாது. மண் கைகொடுப்பது உண்மைதான். ஆனால் அதே உப்பு பைப்பையும் கிளாம்பையும் போல்ட்டையும் தின்றுவிடுகிறது. மேலே பச்சை வயர் ஒழுங்காக இருக்கும், அடியில் துரு. ப்ளக்கின் பருத்த மூன்றாவது முனை அப்போது வெறும் அலங்காரம்.

எர்த் போன வீட்டு கிரைண்டர் ஷாக் அடித்தால் கையை உதறிவிடுவோம். ஏறத்தாழ 1,000 மைக்ரோ ஆம்பியர் பாய்ந்தால்தான் விரலுக்கே உறைக்கும். உலர்ந்த தோல் அவ்வளவு நல்ல கவசம். ஆனால் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நோயாளிகளுக்கு அந்தக் கவசத்தைத் தாண்டி இதயம்வரை குழாய் போயிருக்கும். அதற்குள் இருப்பதும் உப்புநீர்தான்: லிட்டருக்கு 9 கிராம் உப்புள்ள சலைன். அந்த வழியே சில பத்து மைக்ரோ ஆம்பியர் கசிந்தாலே துடிப்பு தாறுமாறாகலாம். தொட்டுப் பார்க்கும் நர்ஸுக்கு ஒன்றும் தெரியாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் கண்டுகொள்ளாது. அதனால்தான் இதயத்தோடு நேரடியாக இணையும் கருவிகளுக்கு ஐ.இ.சி. 60601 என்ற மருத்துவ மின்கருவித் தரம் 10 மைக்ரோ ஆம்பியர் கசிவைத்தான் அனுமதிக்கிறது. ஒரு பழுது நேர்ந்த நிலையிலும் 50. கட்டத்துக்குள் இதயம் வரைந்த சின்னம் இவற்றின் அடையாளம்.

கருவி மட்டும் நல்லதாக இருந்தால் போதாது. மானிட்டர் ஒரு சுவரிலும் மருந்து ஏற்றும் பம்ப் எக்ஸ்டென்ஷன் போர்டிலுமாக இருந்தால், இரண்டின் எர்த்துக்கும் இடையே சின்ன வோல்டேஜ் வித்தியாசம் வரும். நடுவில் பாலமாகக் கிடப்பவர் நோயாளி. ஒரு கட்டிலின் கருவிகளுக்கெல்லாம் எர்த்தை ஒரே செப்புப் பட்டையில் சேர்ப்பது இதற்காகத்தான்.

எர்த் கெட்டால் பல சமயம் திரையே காட்டிக்கொடுக்கும். ஈ.சி.ஜி. கோடு கம்பளிப்பூச்சிபோல் தடித்து நடுங்கும். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வு அது. உடனே ஃபில்டரைப் போட்டுக் கோட்டை அழகாக்குவது எனக்கு உடன்பாடில்லை. முதலில் எலக்ட்ரோடைப் பார்க்க வேண்டும், பசை காய்ந்தாலும் இப்படி வரும். அது சரியாக இருந்தால், மீட்டரை எடுத்துக்கொண்டு வெளியே போய் எர்த் குழியின் மூடியைத் திறக்க வேண்டியதுதான்.