துணை மின்நிலையமும் பூமி இணைப்பும்

1932-ஆம் ஆண்டில் பைகாராவிலும், 1937-ஆம் ஆண்டில் மேட்டூரிலும் நீர்விசையிலிருந்து மின்சாரம் எடுக்கப்பட்டபோது, அது ஆலைகளுக்கும் பட்டணங்களுக்கும் உரிய பொருள் என்றே பலரும் எண்ணினர். இன்று தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட விவசாயப் பம்புசெட்டுகள் மின்சாரத்தால் இயங்குகின்றன. இவற்றுக்கு மின்சாரம் வழங்கும் துணை மின்நிலையங்கள் பல, வயல்களின் நடுவிலும் ஊர்ப் புறம்போக்கிலும் அமைந்துள்ளன. வேலிக்கு உட்பட்டது மின்வாரியத்தின் பொறுப்பு. வேலியை ஒட்டியுள்ளதோ நமது நிலமும், நமது பாதையும், பஞ்சாயத்தின் குடிநீர்க் குழாயுமாகும். மேலே வேலி பிரித்தாலும், கீழே மண் இவ்விரண்டையும் இணைத்தே வைத்திருக்கிறது.

மின்சாரம் மண்ணில் இறங்கினால் பூமி அதனை விழுங்கிவிடும் என்ற எண்ணம் கிராமங்களில் பரவலாக உண்டு. அது சரியன்று. எந்த டிரான்ஸ்பார்மரிலிருந்து புறப்பட்டதோ, அதற்கே மின்சாரம் திரும்பிச் சென்றாக வேண்டும். கம்பி அறுந்து விழுந்தாலும், பீங்கான் இன்சுலேட்டர் உடைந்தாலும், அது மண்ணின் வழியாகத் திரும்புகிறது. செல்லும் வழியில் மண் அதற்குத் தடையாக நிற்கிறது. தடை உள்ள இடமெல்லாம் மின் அழுத்தம் தோன்றும்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். துணை மின்நிலையம் ஒன்றின் பூமி இணைப்புக்கு 1 ஓம் தடை இருக்கிறது; பழுது நேர்ந்த வேளையில் மண்ணில் இறங்கும் மின்னோட்டம் 3,000 ஆம்பியர் என்று கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 3,000 வோல்ட். ரிலே பழுதை உணர்ந்து பிரேக்கரைத் திறக்கும் வரையில், நிலையத்தின் இரும்புத் தூண்களும், டிரான்ஸ்பார்மரின் தொட்டியும், அடியிலுள்ள மண்ணும் ஏறக்குறைய அந்த அழுத்தத்தில் நிற்கும். இது பெரும்பாலும் ஒரு விநாடிக்கும் குறைந்த நேரமே. ஆயினும் அது சிறிது நேரமன்று. 50 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு விநாடி நேரம் தாங்கக்கூடியது 0.116 ஆம்பியர் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் அளவு. நம் வீட்டிலுள்ள 25 வாட் குண்டு பல்பு ஒன்று எடுத்துக்கொள்ளும் மின்னோட்டமும் ஏறக்குறைய அவ்வளவுதான்!

அப்படியானால் நிலையத்தினுள் வேலை செய்பவர்கள் எவ்வாறு பிழைக்கிறார்கள்? களத்தில் குவித்த நெல்லை நினைத்துப் பார்க்கலாம். குவியலின் சரிவில் நிற்பவனுக்கு ஒரு கால் மேட்டிலும் மறு கால் பள்ளத்திலும் இருக்கும். ஒரே ஒரு கம்பியை மட்டும் மண்ணில் புதைத்து மின்சாரத்தை இறக்கினால், அதைச் சுற்றிலும் மின் அழுத்தம் இவ்வாறே குவிகிறது. சரிவில் நிற்பவரின் இரு கால்களுக்கும் இடையே உள்ள வேறுபாடே அவர் உடலில் மின்சாரத்தைச் செலுத்துகிறது. குவியலைப் பரம்படித்த வயல்போல் மட்டமாக்கிவிட்டால், எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் நிற்பவருக்குத் தீங்கில்லை. கம்பியில் அமர்ந்த காக்கை பிழைப்பதும் இதனாலேயே.

இந்தப் பரம்படிப்பைச் செய்வதற்காகத்தான், நிலையம் கட்டும்போது சுமார் இரண்டடி ஆழத்தில் இரும்புப் பட்டைகளை நெடுக்கும் குறுக்குமாகப் பரப்பி வலைபோல் பற்றவைக்கிறார்கள். ஆங்காங்கே பத்தடி நீளமுள்ள கம்பிகளையோ குழாய்களையோ செங்குத்தாக இறக்குகிறார்கள். ஒவ்வொரு தூணும், ஒவ்வொரு சாதனமும் இந்த வலையோடு பிணைக்கப்படுகிறது. டிரான்ஸ்பார்மரின் நியூட்ரலுக்கு ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இரண்டு இணைப்புகள் வேண்டும் என்பது விதி. ஒன்று துருப்பிடித்து அற்றாலும் மற்றொன்று காக்கும். வலைக்கு மேலே நான்கைந்து அங்குல உயரத்துக்குக் கருங்கல் ஜல்லி பரப்பப்படுகிறது. களை முளைக்காமலிருக்கவே இந்த ஜல்லி என்று பலர் கருதுகின்றனர். அது சிறு பயன்; காலுக்கும் மண்ணுக்கும் நடுவே பெருந்தடையாக நிற்பதே அதன் முதல் வேலை. தேங்கிய சேறு ஜல்லியை மூடினாலும், வீடு கட்டுவதற்கென்று எவரேனும் அதை அள்ளிச் சென்றாலும், அந்தத் தடை குறைந்துவிடும்.

வயலை எவ்வளவு மட்டமாக்கினாலும் வரப்பின் ஓரத்தில் பள்ளம் இருந்தே தீரும். நிலையத்தின் எல்லை அப்படிப்பட்ட இடம். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இந்த எல்லையைத்தான். நிலையத்தின் கம்பிவேலி உள்ளேயுள்ள வலையோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். பக்கத்து நிலக்காரர் சிக்கனம் கருதித் தம் முள்கம்பியை அந்த வேலியிலேயே கட்டிவிடுகிறார். பழுது நேரும் கணத்தில், நமது கணக்கின்படி 3,000 வோல்ட்டும் அந்த முள்கம்பி வழியே வயலின் மறுகோடிக்கு ஓடும். அங்கே மண்ணில் அழுத்தம் இல்லை, கம்பியில் உண்டு. கம்பியின்மேல் கை வைத்தவரோ, அதில் கட்டப்பட்ட எருமையோ இரண்டுக்கும் நடுவே அகப்படுவது உறுதி. நிலையத்துக்கு நெடுந்தூரத்தில் இருக்கிறோம் என்பது இங்கே பாதுகாப்பாகாது. தூரமே அபாயத்தை மிகுதிப்படுத்துகிறது.

இரும்புக் குடிநீர்க் குழாயும் இவ்வாறே. நிலையத்தின் வழியாகவோ, வேலியை ஒட்டியோ குழாய் செல்ல வேண்டியிருந்தால், அந்தப் பகுதிக்குப் பிளாஸ்டிக் குழாய் பதிப்பதென்று தீர்மானத்திலேயே எழுதிக்கொள்வது நன்று. வேலி வேண்டுவோர் இடைவெளி விட்டுத் தனியே அமைக்கட்டும். கிளுவை வளர்த்த உயிர்வேலி இதற்கு முள்கம்பியைவிட மேலானது, செலவும் குறைவு.

மண்ணின் தன்மையும் இதில் பங்கு கொள்கிறது. ஈரமான வண்டலும் கரிசலும் மின்சாரத்தை எளிதில் ஏற்கும். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறை நிலம் அதற்கு நூறு மடங்கு தடை காட்டக்கூடும். ஆதலால் பூமி இணைப்பின் தடையைக் கோடையில் அளந்து பார்ப்பதே முறையாகும். மழைக்காலத்து அளவு நம்மை ஏமாற்றும்.

ஊருக்குள் இருக்கும் சிறு டிரான்ஸ்பார்மருக்கும் இவையெல்லாம் பொருந்தும். அதன் தூணிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் பட்டையைப் பழைய இரும்பு விலைக்காக வெட்டி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். வெட்டிய மறுநாளும் விளக்கு எரிவதால் ஒருவரும் அதை அறிவதில்லை. இடி விழும்போதோ, உள்ளே பழுது நேரும்போதோ மின்சாரம் இறங்க வழியின்றித் தூணிலேயே நிற்கும். அதில் ஆட்டைக் கட்டியவர் நிலைமை என்னாகும்? பட்டை அற்றிருப்பதைக் கண்டால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கோ, 2021-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மின்னகத்துக்கோ (94987 94987) தெரிவிக்க வேண்டும். நாமே கம்பி சுற்றி இணைக்க முற்படலாகாது.

அறுந்து விழுந்த கம்பியைப் பற்றியும் கூற வேண்டும். உலர்ந்த மணலில் 11,000 வோல்ட் கம்பி விழுந்தால், மணலின் தடை காரணமாகச் சொற்ப மின்னோட்டமே பாயும். ரிலே அதைப் பழுதென்று உணராமல் விட்டுவிடுவதுண்டு. தீப்பொறி இல்லை, ஓசை இல்லை, எனவே மின்சாரம் நின்றுவிட்டது என்று முடிவு செய்வது தவறு. கம்பியைச் சுற்றிலும் நெற்குவியலின் சரிவு இருக்கிறது. மாட்டுக்கு முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே ஏறக்குறைய ஐந்தடி; அதன் உடலில் பாயும் மின்சாரம் நெஞ்சின் வழியே செல்கிறது. மனிதன் தப்பிய இடத்தில் மாடு மடிவது இதனால்தான். விழுந்த மாட்டைத் தூக்க ஓடிச்சென்று உயிரிழந்தவர்களும் உளர். முப்பது அடிக்கு அப்பால் ஆட்களை நிறுத்திவைத்து, மின்சாரம் துண்டிக்கப்பட்டது என்று மின்வாரிய ஊழியர் நேரில் வந்து கூறும் வரை எவரையும் நெருங்க விடலாகாது. அதற்குள் அகப்பட்டுக்கொண்டவர் எட்டி நடக்காமல், இரு பாதங்களையும் சேர்த்து வைத்து, தரையை விட்டு எடுக்காமல் சிறிது சிறிதாக நகர்த்திக்கொண்டே வெளியேற வேண்டும்.