தம்பிக்காக ஒரு தோட்டம்

சிங்கப்பூரின் ஹாவ் பார் வில்லாவில் ராட்டினம் கிடையாது. நரகம் உண்டு, புலி உண்டு, ஓர் அண்ணன் தம்பியின் கதையும் உண்டு. கூடப்பிறந்தவர்களோடு போய்வர ஏற்ற இடம்.

சிங்கப்பூருக்குப் போகும் இந்தியக் குடும்பங்களின் பட்டியல் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும். செந்தோசா தீவு, அங்கே 2010-ல் திறக்கப்பட்ட யுனிவர்சல் ஸ்டுடியோஸ், இரவு மிருகக்காட்சி சாலை, முஸ்தபாவில் ஷாப்பிங். பாசிர் பாஞ்சாங் சாலையில் ஒரு குன்றின் மேல் படர்ந்து கிடக்கும் ஹாவ் பார் வில்லா இந்தப் பட்டியலில் இடம்பெறுவது அபூர்வம். நகரின் மிகப் பழைய பொழுதுபோக்குப் பூங்காக்களில் ஒன்று அது. நுழைவுக் கட்டணமும் இல்லை. 1,000-க்கும் மேற்பட்ட சிலைகள், சுமார் 150 பெரிய காட்சித் தொகுப்புகள் என்று சீனப் புராணங்கள் முழுவதும் சிமென்டில் வார்க்கப்பட்டு, பளீரென்ற பெயின்ட் பூசப்பட்டு வெயிலில் நிற்கின்றன. அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு முறை பார்த்தவர்களுக்கு மறக்காது.

இதைக் கட்டியவரை நமக்குத் தெரியாவிட்டாலும் அவருடைய சரக்கு தெரியும். பாயும் புலிப் படம் போட்ட அந்த அறுகோண பாட்டில் இல்லாத மருந்து அலமாரி தமிழர் வீடுகளில் குறைவு. வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் சோப்போடும் சென்ட்டோடும் அதுவும் வரும். கற்பூரம், மென்தால், கிராம்பு எண்ணெய் எல்லாம் கலந்த அந்த டைகர் பாம் பணத்தில் எழும்பியதுதான் இந்தப் பூங்கா.

கடை தம்பிக்கு, கடிதம் அண்ணனுக்கு

கதை தொடங்குவது சிங்கப்பூரில் அல்ல, ரங்கூனில். சீனாவின் ஃபூஜியன் பகுதியிலிருந்து பர்மாவுக்கு வந்த மூலிகை வைத்தியர் ஆவ் சூ கின், அங்கே 1870-களில் ஒரு மருந்துக் கடை வைத்தார். மூத்த மகன் இளம் வயதிலேயே இறந்துவிட, மிஞ்சியவர்கள் இருவர். 1882-ல் பிறந்த ஆவ் பூன் ஹாவ், 1888-ல் பிறந்த ஆவ் பூன் பார். பெயர்களுக்கு 'சாந்தமான புலி', 'சாந்தமான சிறுத்தை' என்று பொருள். புலி அவ்வளவு சாந்தமில்லை. அடங்காத பிள்ளை என்று அவரைச் சீனாவிலிருந்த சொந்த கிராமத்துக்கு அனுப்பிவிட்டார் தந்தை. சிறுத்தை ரங்கூனிலேயே தங்கி ஆங்கிலம் படித்தது.

1908-ல் தந்தை இறந்தபோது கடை போய்ச் சேர்ந்தது இளையவரிடம். இந்தியக் குடும்பம் எதற்கும் தெரிந்த கட்டம் இது. வழக்கமாக இதற்கு அடுத்து வருவது வக்கீல். ஆனால் பூன் பார் செய்தது வேறு. சீனாவிலிருந்த அண்ணனை ரங்கூனுக்கு வரச்சொல்லி அழைத்தார். அண்ணனும் வந்தார். தம்பி மருந்தைக் கவனித்துக்கொள்ள, அண்ணன் ஊர் ஊராகப் போய் விற்றார். விளம்பரத்தில் அசகாய சூரர். தன் காரின் முகப்பில் புலித்தலை பொருத்தி, உறுமும் ஹாரன் வைத்துத் தெருத்தெருவாக ஓட்டினார். 1920-களில் வியாபாரம் சிங்கப்பூருக்கு இடம் மாறியது. 1937-ல், கடலைப் பார்த்த குன்றின் மேல் பூன் ஹாவ் ஒரு மாளிகையும் தோட்டமும் கட்டினார். தனக்காக அல்ல, தம்பிக்காக. இருவர் பெயரையும் சேர்த்து ஹாவ் பார் வில்லா என்று அதற்குப் பெயர்.

நானும் என் தம்பியும் அங்கே போனது திட்டமிட்டு அல்ல. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவன் மகள் எங்களை யுனிவர்சல் ஸ்டுடியோஸுக்குத்தான் அழைத்துப் போவதாக இருந்தாள். அங்குள்ள பெரிய ராட்டினங்களில் ரத்த அழுத்தக்காரர்கள் ஏறக் கூடாது. தம்பிக்கு ரத்த அழுத்தம், எனக்கு முழங்கால் வலி. "நீங்க ரெண்டு பேரும் இங்க நிதானமா சுத்துங்க அத்தை. சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று மெட்ரோ ரயிலில் ஏற்றிவிட்டாள். ஹாவ் பார் வில்லா என்ற பெயரிலேயே 2011-ல் திறந்த ரயில் நிலையம் இருக்கிறது. வெளியே வந்தால் பூங்காவின் வாசல்.

எனக்கு 63, அவனுக்கு 58. நான் டெல்லியில், அவன் திருச்சியில். உறையூரில் அப்பா தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டை உயில் மூலம் தம்பி பேருக்கு எழுதிவைத்தார். சட்டப்படி அதில் குற்றம் காண இடமில்லை. தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுக்க 2005-லும் வந்த வாரிசுரிமைத் திருத்தங்கள் பெண்களுக்குச் சம உரிமை தந்தது பூர்வீகச் சொத்தில். சுயமாகச் சம்பாதித்ததை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். நானும் கேட்கவில்லை, அவனும் பேச்செடுக்கவில்லை. அதற்குப் பிறகு 6 ஆண்டுகளாக எங்கள் தொலைபேசி உரையாடலில் மூன்றே விஷயங்கள்: சர்க்கரை அளவு, மழை, ரயில் டிக்கெட்.

புலி வாகனம், குரங்குத் துணை

பூங்காவில் முதல் ஒரு மணி நேரம் தமாஷாகப் போயிற்று. சுமோ மல்லர்களும் சுதந்திர தேவி சிலையும் இங்கே என்ன செய்கிறார்கள் என்று புரியாமல் விழித்தோம். பூன் பாரின் மகன் 1954-க்குப் பிறகு பூங்காவைக் கவனித்த காலத்தில் வெளிநாட்டுக் காட்சிகளையும் சேர்த்தாராம். ஒரு காட்சியில் பல் போன மாமியாருக்கு மருமகள் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். பெற்றோர் பக்தியைப் போதிக்கும் சீனர்களின் 24 பழங்கதைகளில் ஒன்று அது. "மாமியாருக்கா!" என்றான் தம்பி. "இதை ஊர்ல போய்ச் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

இந்தியர்களுக்கு இங்கே எதிர்பாராத சொந்தம் ஒன்று உண்டு. குரங்கு வீரனைத் துணைக்கு வைத்துக்கொண்டு மேற்கே பயணம் போகும் துறவியின் காட்சிகள் குன்று முழுக்க நிற்கின்றன. 16-ஆம் நூற்றாண்டு சீன நாவல் ஒன்றின் கதை அது. அந்தத் துறவி நாம் பள்ளிப் பாடத்தில் படித்த யுவான் சுவாங்கேதான். 7-ஆம் நூற்றாண்டில் பௌத்த நூல்களைத் தேடி நாளந்தாவுக்கும் காஞ்சிபுரத்துக்கும் வந்தவர். அவர் தேடிப்போன 'மேற்கு' நம் நாடு. இதைச் சொன்னதும் தம்பி அந்தக் குரங்கோடு நின்று படம் எடுத்துக்கொண்டான்.

போர் இந்த இடத்தை விட்டுவைக்கவில்லை. 1942-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. கடல் தெரியும் குன்று என்பதால் ஜப்பானிய ராணுவத்துக்கு வில்லா கண்காணிப்பு இடமாகப் பயன்பட்டது. அண்ணன் ஹாங்காங்கில், தம்பி ரங்கூனில். பூன் பார் 1944-ல் ரங்கூனிலேயே இறந்தார். போர் முடிந்து திரும்பிய பூன் ஹாவ், சிதைந்து கிடந்த மாளிகையை இடித்துத் தள்ளினார். வீட்டை மறுபடி கட்டவில்லை. யாருக்காகக் கட்டினாரோ அவர் இல்லை. ஆனால் தோட்டத்தை மட்டும் 1954-ல் சாகும்வரை விடாமல் விரிவுபடுத்தினார். இன்று காணும் சிலைகளில் பல அந்த ஆண்டுகளில் வந்தவை.

நான்காம் நீதிமன்றம்

பூங்காவின் புகழ்பெற்ற பகுதி 'நரகத்தின் 10 நீதிமன்றங்கள்'. 2021-ல் இதைச் சுற்றி நரக அருங்காட்சியகம் என்று ஒன்றைத் திறந்து, அதற்கு மட்டும் தனிக் கட்டணம் வைத்திருக்கிறார்கள். வாசலில் மாட்டுத்தலையும் குதிரைத்தலையும் கொண்ட காவலர்கள். உள்ளே ஒவ்வொரு நீதிமன்றத்துக்கும் ஓர் அரசர். ஐந்தாம் நீதிமன்றத்தின் அரசர் நமக்குப் பழக்கமானவர். யமன் பௌத்தத்தோடு சீனாவுக்குப் போய், யன்லுவோ என்ற பெயரில் அங்கே பதவியேற்றிருக்கிறார். குற்றமும் தண்டனையும் பொம்மைகளாகச் செய்து வைக்கப்பட்டிருக்கின்றன. கொள்ளு வட்டி வாங்கியவன் கத்தி மலையில் வீசப்படுகிறான். பரீட்சையில் காப்பியடித்தவனுக்குக் குடல் உருவப்படுகிறது. சாப்பாட்டை வீணாக்கியவன் இரண்டாக அறுக்கப்படுகிறான். சிங்கப்பூரில் பல தலைமுறைக் குழந்தைகளை இங்கே அழைத்து வந்து பயமுறுத்தித்தான் ஒழுக்கம் கற்பித்தார்கள்.

நான்காம் நீதிமன்றத்தில் தம்பி நின்றுவிட்டான். அங்கே ஒருவனைப் பெரிய கல்லில் போட்டு அரைத்துக்கொண்டிருந்தார்கள். "அக்கா, நம்ம வீட்டு ஆட்டுக்கல் மாதிரியே இருக்கு" என்று சிரித்தபடி பலகையைப் படித்தான். கூடப்பிறந்தவர்களை மதிக்காதவர்களுக்கும் பெற்றோர் பக்தி இல்லாதவர்களுக்குமான தண்டனை என்று போட்டிருந்தது. அவன் சிரிப்பு நின்றுவிட்டது. நானும் படித்தேன். இருவரும் ஒன்றும் சொல்லாமல் அடுத்த நீதிமன்றத்துக்கு நகர்ந்தோம்.

பத்தாவது நீதிமன்றம்தான் கடைசி. அங்கே தண்டனை இல்லை. ஒரு கிழவி தேநீர் கொடுக்கிறாள். அதைக் குடித்த உயிர் முன்பிறவியின் எல்லாவற்றையும் மறந்துவிட்டு மறுபிறவிக்குப் போகும். அப்பா, அம்மா, அக்கா, தம்பி, வீடு, கணக்கு வழக்கு எல்லாமே ஒரு கோப்பையில் போய்விடும்.

வெளியே வந்து நிழலில் உட்கார்ந்தோம். பூன் ஹாவின் கதையை நான் கைப்பேசியில் பார்த்துப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டுத் தம்பி கேட்டான்: "கடை தம்பி பேர்லதானே இருந்தது?"

"ஆமா."

"அவன்தான் அண்ணனைக் கூப்பிட்டிருக்கான்."

"ஆமாண்டா."

கொஞ்ச நேரம் கழித்து, "நான் கூப்பிடவே இல்லையே அக்கா" என்றான். பிறகு வேகமாகப் பேசினான். வீட்டின் பின்கட்டு இடிந்துகொண்டிருக்கிறது. இடித்துக் கட்டச் சொல்லி ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆறு மாதமாக முடிவெடுக்க முடியவில்லை. "நீ வந்து பாரு. நீ சொல்றபடி செய்யலாம். பத்திரத்துல உன் பேரையும் சேர்த்துடலாம்."

"பேரு கிடக்கட்டும். மாசியில வரேன். முதல்ல இந்தத் தண்ணியைக் குடி, மாத்திரை போடற நேரம்" என்றேன். எனக்கு வேண்டியிருந்தது வீட்டில் பாதி அல்ல, வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பது. பாகப்பிரிவினை வழக்குகளில் எழுதப்படாத புகார் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. சொத்து யாருக்குப் போனது என்பதைவிட, கிடைத்தவர் மற்றவரைக் கூப்பிட்டாரா என்பதுதான் உறவின் கணக்கைத் தீர்மானிக்கிறது.

பூங்காவுக்கும் ஒரு பாகப்பிரிவினை நடந்தது. 1985-ல் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. 1990-ல் லேசர், படகுச் சவாரி, 60 மீட்டர் நீள டிராகன் என்று நவீன தீம் பார்க்காக மாற்றிக் கணிசமான கட்டணம் வசூலித்தார்கள். ஆரம்பத்தில் ஓடியது. பிறகு நஷ்டம். பழைய இலவசத் தோட்டத்தை அறிந்தவர்கள் காசு கொடுத்து வரத் தயாராக இல்லை. கடைசியில் கட்டணம் ரத்தானது, சிலைகள் மட்டும் மிஞ்சின. ஹாங்காங்கில் இதே குடும்பம் 1935-ல் கட்டிய டைகர் பாம் தோட்டம் 2004-ல் இடிக்கப்பட்டுவிட்டது. அங்கே மாளிகை மட்டும் நிற்கிறது. சிங்கப்பூரில் நேர்மாறு: மாளிகை போய்த் தோட்டம் நிற்கிறது. குன்றின் மேல் தாய் தந்தைக்கும் சகோதரர்களுக்கும் நினைவுத் தூண்கள் இருக்கின்றன.

ராட்டினங்கள் நிறைந்த பெரிய பூங்காக்களுக்குப் பின்னாலும் இப்படிப்பட்ட கதை உண்டு. வால்ட் டிஸ்னி 1966 டிசம்பரில் இறந்தபோது ஃப்ளோரிடா பூங்கா கட்டி முடிக்கப்படவில்லை. 8 வயது மூத்த அண்ணன் ராய், ஓய்வு பெறுவதைத் தள்ளிப்போட்டு அதை முடித்தார். டிஸ்னி வேர்ல்ட் என்று இருந்த பெயரை, தம்பி பெயர் முழுதாக வரவேண்டும் என்று வால்ட் டிஸ்னி வேர்ல்ட் ஆக்கினார். 1971 அக்டோபர் 1-ல் பூங்கா திறந்தது. அந்த டிசம்பரிலேயே ராய் இறந்துவிட்டார்.

அடுத்த முறை சிங்கப்பூர் போனால் குழந்தைகளைச் செந்தோசாவுக்கு அனுப்பிவிட்டு, அண்ணனோ தங்கையோ யார் உடன் வந்திருக்கிறார்களோ அவர்களோடு பாசிர் பாஞ்சாங் போகலாம். காலையிலேயே போவது நல்லது, வெயில் கடுமை. படிகளும் ஏற்றமும் உண்டு, குடை அவசியம். மூன்று மணி நேரம் போதும். நான்காம் நீதிமன்றத்தில் மட்டும் அவசரப்பட வேண்டாம்.